கஸ்டம்ஸ்ல சாப்பாட்டுப் பொருள சொல்லாம போனா மாட்டுவோமா?

"கொஞ்சம் சாப்பாட்டுப் பொருள் தான் எடுத்துட்டுப் போறேன், ஃபார்ம்ல 'இல்லை'ன்னு டிக் பண்ணிட்டுப் போயிடலாமா, யாராவது மாட்டியிருக்கீங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. நான் பாத்திருக்கேன். மாட்டுனது எங்க அம்மா, மாட்டிவிட்டது நான்.

2017ல அக்காவுக்கு பிரசவம்னு நானும் அம்மாவும் ஆக்லாந்து போனோம். இறங்குறதுக்கு முன்னாடி ஒரு அட்டை குடுத்தாங்க, பழம் இருக்கா, இறைச்சி இருக்கா, விதை இருக்கா, தேன் இருக்கான்னு வரிசையா கேள்வி (இப்பல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல நிரப்பிடலாம்). கைக்கு வந்தது இங்கிலீஷ் அட்டை, அம்மாவுக்கு படிக்க வராது, அதனால ரெண்டையும் நானே நிரப்பினேன். பெட்டிய அடுக்கினது நான், உள்ள சாப்பிடுற பொருள் ஒண்ணுமே இல்லன்னு எனக்குத் தெரியும், கடகடன்னு எல்லாத்துக்கும் 'இல்லை' போட்டுட்டேன். அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவங்க கையெழுத்து மட்டும் போட்டாங்க.

பெட்டிக்காக நின்னுட்டு இருந்தப்போ ஒரு பீகிள் நாய் வந்து அம்மாவோட ஹேண்ட்பேக்க மோந்து பாத்துட்டு அப்படியே பக்கத்துல உக்காந்துருச்சு. குரைக்கல, ஒண்ணும் பண்ணல. அதுங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருக்காங்க, வாசனை பிடிச்சா உக்காரணும். அம்மாவுக்கு அது தெரியாது, பாவம், தடவிக் குடுக்கக் குனிஞ்சாங்க.

பையத் திறந்தா டிஷ்யூ பேப்பர்ல சுத்தின ஒரு ஆப்பிள். ஸ்டிக்கர் கூட உரிக்கல. ப்ளேன்ல காலைச் சாப்பாட்டோட குடுத்தது, மாத்திரை போட்டுட்டு சாப்பிடலாம்னு எடுத்து வச்சிருக்காங்க. "அவங்க குடுத்தது தானே"ன்னு அம்மா என் முகத்தப் பாக்குறாங்க, எனக்குப் பேச்சே வரல. 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அந்த ஆபீசர் மரியாதையாத்தான் பேசினாங்க, நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா கையெழுத்து யாரோடதோ அவங்க தான் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. டிக் என்னோடது, கையெழுத்து அம்மாவோடது. வழியிலேயே பழத்தப் போட்டுட்டு வர தொட்டி வச்சிருக்காங்க, அதத் தாண்டித்தான் வந்திருக்கோம்.

"ஒரு ஆப்பிளுக்கு இவ்வளவா"ன்னு கமெண்ட்ல கேக்கப் போறீங்க, எனக்கும் அப்போ அதே கோவம் தான். அப்புறம் அக்கா சொன்னா, 2015ல ஆக்லாந்துலயே கிரே லின்ங்கிற ஏரியாவுல குயின்ஸ்லாந்து பழ ஈ கிடைச்சிருக்கு, உடனே அந்த ஏரியாவுல இருந்து யாரும் பழத்த வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு, ஒழிஞ்சிருச்சுன்னு அறிவிக்க அந்த வருஷக் கடைசி ஆயிருச்சாம். ஈ தோலுக்கு அடியில முட்டை வைக்கும், மேல பாத்தா பழம் பளபளன்னு இருக்கும், உள்ள புழு இருக்கும். பழம் வித்துப் பொழைக்கிற நாடு, பயப்படாம என்ன செய்யும்.

மத்த நாடும் இப்படித்தான். 2022ல பாலியில இருந்து டார்வின் போன ஒரு பயணி முட்டையும் இறைச்சியும் வச்ச பன் எல்லாம் பையில வச்சிருந்து சொல்லாம போனதுக்கு 2664 ஆஸ்திரேலிய டாலர் கட்டினாரு. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியில இருந்து இறைச்சியும் பால் பொருளும் பொதுவா உள்ள கொண்டு போக முடியாது, குழந்தைக்கான பால் பவுடருக்கு 2 கிலோ வரைக்கும் விலக்கு இருக்கு. பழத்துலயும் வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன் இந்த அஞ்சுக்குத்தான் தாவர நலச் சான்றிதழ் கேக்க மாட்டாங்க. அமெரிக்காவுல சொல்லாம மாட்டினா அபராதம் 10,000 டாலர் வரைக்கும் போகலாம். நான் வக்கீல் இல்ல, விதி மாறிட்டே இருக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி அந்த நாட்டு அரசு சைட்ட ஒரு தடவ பாத்துக்கோங்க.

கேக்காத ஒண்ணையும் சொல்லிடுறேன், மனசுல கிடக்கு. அன்னிக்கு இருந்து சொந்தக்காரங்க எங்க அம்மாவ "நானூறு டாலர் ஆப்பிள்"னு கூப்பிடுறாங்க. ஒவ்வொரு விசேஷத்துலயும் யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பாங்க, அம்மாவும் சிரிச்சிட்டே நிப்பாங்க, வீட்டுக்கு வந்து பேசவே மாட்டாங்க. மூட்டு வலியோட அத்தனை மணி நேரம் உக்காந்து போயி ரெண்டு மாசம் ராத்திரி பகலா பச்சக் குழந்தையப் பாத்துக்கிட்டாங்க, அதப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல. சிரிக்கிறவங்கள்ல ஒருத்தராவது அக்காவுக்கு ஒரு போன் போட்டிருப்பாங்களா, இல்ல.

2024ல மறுபடி போனோம். இந்த தடவ மசாலாத் தூள், டீத்தூள், பிஸ்கட், அப்புறம் அக்காவுக்குன்னு ஒரு பாட்டில் தேன், எல்லாத்துக்கும் 'ஆமா' போட்டேன். "அத்தனைக்கும் ஆமா போட்டா பெட்டியக் கொட்டிக் கவுத்து மணிக்கணக்கா நிக்க வைப்பாங்க"ன்னு தெரிஞ்ச ஒருத்தர் பயமுறுத்தி இருந்தாரு. அப்படி ஒண்ணும் நடக்கல. மேஜைக்கிட்டப் போனதும் யாரும் கேக்குறதுக்கு முன்னாடி அம்மா தன் ஹேண்ட்பேக்கத் திறந்து மாத்திரை டப்பா, சீப்பு, கர்சீப், மூக்குக் கண்ணாடின்னு ஒவ்வொண்ணா எடுத்து வரிசையா வச்சாங்க. கடைசியா பையத் தலைகீழாப் பிடிச்சு உதறிக் காட்டினாங்க. ஆபீசர் "போதும்மா"ங்கிற மாதிரி கையக் காட்டினாரு. தேன மட்டும் எடுத்துக்கிட்டாரு, அங்க தேனீக்களுக்கு நோய் பரவிடும்னு வெளித் தேன் உள்ள விட மாட்டாங்களாம். மத்ததெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாரு. அபராதம் ஒரு பைசா கிடையாது, பத்து நிமிஷத்துல வெளிய வந்துட்டோம்.

அதனால 'ஆமா'ன்னே போடுங்க. கூட பெரியவங்க வந்தா அட்டைய நிரப்புறதுக்கு முன்னாடி "பையில என்னம்மா வச்சிருக்கீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க.