ரகசியம் காக்க இரண்டு நாள் வகுப்பா?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பயிற்சி. அதற்கு முன் இரண்டு நாள் நெறிமுறை வகுப்பு கட்டாயமாம். நோயாளி சொல்வதை வெளியே சொல்லக் கூடாது, அவ்வளவுதானே? இதற்கு வகுப்பு எதற்கு?
– மதுரை வாசகி

பதில்: விதிகளைத் திரையில் ஓட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கும் வகுப்பு என்றால் அரைமணி நேரமே அதிகம். ஆனால் ‘அவ்வளவுதானே’ என்கிறீர்களே, அங்கேதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, “யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள் அக்கா” என்கிறாள். அவள் மனம் திறக்கட்டும் என்று நீங்களும் செய்துவிடுகிறீர்கள். அடுத்த நிமிடம், உறவினர் ஒருவர் தன்னிடம் தகாதமுறையில் நடந்துகொள்வதாகச் சொல்கிறாள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பயிற்சி மாணவி என்பதற்காகச் சட்டம் விலக்குத் தரவில்லை. தெரிவிக்கத்தான் வேண்டும், ஆனால் பெரியவர் ஒருவர் மறுபடியும் தன்னை ஏமாற்றிவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

ஆகவே சத்தியம் செய்யாதீர்கள். அவள் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “நான் மாணவி. நீ சொல்வதை என் மேற்பார்வையாளரிடம் மட்டும் பேசுவேன். உனக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்றால் மற்றவர்களிடமும் சொல்ல வேண்டியிருக்கும். அதை முதலில் உன்னிடம் சொல்வேன்.” படித்தால் எளிது. அழுதுகொண்டிருக்கும் ஒருத்தியின் முன்னால் வாயில் வராது. சக மாணவியை எதிரில் உட்காரவைத்து, தடுமாறாமல் வரும்வரை வகுப்பிலேயே சொல்லிப் பழகுங்கள்.

இன்னொரு பயிற்சி, வராந்தாவில் காத்திருக்கும் அம்மாவுக்காக. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், “என் பையன் என்னம்மா சொன்னான்?” என்று கேட்பார். பையனுக்கு இருபத்து மூன்று வயது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ஆவது பிரிவில், அவனுக்கு ரகசிய உரிமை தருகிறது. நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை முடிவுகளில் நோயாளிக்குச் சட்டப்படி துணைநிற்பவராக, உள்ள தாய்க்கும் அந்தக் கடமைக்குத் தேவையான தகவல்தான் உண்டு. அதற்காக அவரிடம் பிரிவு எண்ணை ஒப்பிப்பது கொடுமை. “உங்கள் பையனையும் வைத்துக்கொண்டு, டாக்டரோடு சேர்ந்து பேசுவோம் அம்மா” என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெயரை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் ‘சுவாரசியமான கேஸ்’ பகிர்வதைப் பற்றியும் கேளுங்கள். சின்ன ஊரில் தொழிலையும் தெருவையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் வகுப்பைவிட்டு எழாதீர்கள்: சனிக்கிழமை மாலை ஒருவர் உங்களிடம் தற்கொலை எண்ணத்தைச் சொன்னால், எந்த மேற்பார்வையாளரை, எந்த எண்ணில் அழைக்க வேண்டும்? அவர் எடுக்காவிட்டால் அடுத்தது யார்?