புற்றுநோய் மரபணுவியலா, சர்க்கரை நோயா: ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

கேள்வி: எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்திருக்கிறேன். புற்றுநோய் மரபணுவியலும் பிடிக்கும், சர்க்கரை நோய் ஆராய்ச்சியும் பிடிக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சியாளராக வாழ முடியுமா, அல்லது ஒன்றை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

விட வேண்டாம். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் இப்போது நல்ல வேலை நிறைய இருக்கிறது.

நான் கட்டிகளின் டிஎன்ஏவை வாசித்து அறிக்கை தயாரிக்கும் ஆய்வகம் ஒன்றில் இருக்கிறேன். அதற்கு முன் சர்க்கரை நோயின் மரபணுக் காரணங்களைத் தேடும் குழுவில் இருந்தேன். இங்கே வந்தபோது, படித்ததையெல்லாம் மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான் என்று பலர் சொன்னார்கள். அப்படி ஆகவில்லை. மார்பகப் புற்றுநோய் மாதிரி ஒன்றில் பிஐகே3சிஏ என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாக எங்கள் அறிக்கை போகும். அதை வைத்து மருத்துவர்கள் கூடிப் பேசும்போது, "இவங்களுக்கு சுகர் இருக்கா? எச்பிஏ1சி எவ்வளவு?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கட்டியில் இருக்கும் ஒரு மாற்றத்துக்கும் ரத்தத்தில் இருக்கும் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றும். அதற்கு லூயிஸ் கேன்ட்லி என்ற அமெரிக்க ஆய்வாளரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கேன்ட்லி மேற்கு வர்ஜீனியாக்காரர். வேதியியல் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1975இல் முனைவர் பட்டம் வாங்கி, ஹார்வர்டுக்குப் போனார். அங்கே அவர் பார்த்தது புற்றுநோயும் இல்லை, சர்க்கரை நோயும் இல்லை. செல் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப். அதை இயக்க ஏடிபி, அதாவது செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு, வேண்டும். தசையிலிருந்து பிரித்தெடுத்த ஏடிபியைப் போட்டால் மட்டும் பம்ப் சரியாக ஓடவில்லை. பாட்டிலை மாற்றிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம் என்று போகக்கூடிய விஷயம்தான். ஆனால் அந்த ஏடிபியில் என்ன கலந்திருக்கிறது என்று அவரும் கூட இருந்தவர்களும் துருவிப் பார்த்தார்கள். கலந்திருந்தது வனேடேட், அதாவது வனேடியம் என்ற உலோகத்தின் ஓர் உப்பு. 1977இல் அதை வெளியிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வேறு ஆய்வகங்கள் இன்னொன்றைக் கவனித்தன: இதே வனேடேட்டைக் கொழுப்புச் செல்கள் மேல் போட்டால், இன்சுலின் போட்ட மாதிரியே அவை குளுக்கோஸை எடுத்துக்கொண்டன.

1985இல் பாஸ்டன் பக்கமிருந்த சகாக்களோடு அவர் குழு வேறொரு திசையிலிருந்து வந்தது. எலிகளில் கட்டி உண்டாக்கும் பாலியோமா என்ற வைரஸ் இருக்கிறது. அதன் புரதம் ஒன்றோடு ஒரு நொதி ஒட்டிக்கொண்டு வந்தது. வைரஸ் புரதத்தின் எந்த வடிவங்கள் செல்லைப் புற்றுநோய்ச் செல்லாக மாற்றினவோ, அவற்றோடு அந்த நொதியும் இருந்தது. அதற்குச் சவ்விலுள்ள இனோசிடால் கொழுப்பில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டவைக்கும் வேலை. சரி, ஏற்கனவே தெரிந்த நொதிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் விளைபொருளைப் பிரித்துப் பார்த்தபோது அது வழக்கமான பொருளோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. இனோசிடால் வளையத்தில் 4ஆம் இடத்திலும் 5ஆம் இடத்திலும் பாஸ்பேட் ஒட்டும் என்றுதான் அதுவரை தெரிந்திருந்தது. இது 3ஆம் இடத்தில் ஒட்டியிருந்தது. 1988இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் நாம் இன்று பிஐ3கே என்று சொல்லும் நொதி வந்தது.

1990இல் கேன்ட்லியும் வேறு மூவரும் சேர்ந்து, இன்சுலின் இந்த நொதியை முடுக்கிவிடுகிறது என்று காட்டினார்கள். வைரஸ் கட்டியை வளர்க்கக் கைப்பற்றிய அதே பாதையைத்தான், சாப்பிட்டு முடித்ததும் நம் தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்ளே இழுக்கப் பயன்படுத்துகின்றன. அப்போதிருந்தே அவர் ஆராய்ச்சி இரண்டு நோய்களிலும் காலூன்றி நின்றது. அதற்காக அவர் துறை மாறவில்லை. அந்த நொதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மரபணுவியல் அப்புறம் வந்து இதை உறுதி செய்தது. 2004இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகெல்ஸ்டைனும் விக்டர் வெல்குலெஸ்குவும் இருந்த குழு, மனிதக் கட்டிகளில் இந்த நொதிக் குடும்பத்தின் மரபணுக்களை வரிசையாகப் படித்தது. மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே மரபணுவில், நொதியின் முக்கியப் பகுதியைச் செய்யும் பிஐகே3சிஏவில், அதிலும் குறிப்பிட்ட சில இடங்களில் குவிந்திருந்தன. 1047ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் இருப்பதை நான் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், யாரும் அழைக்காமலே நொதி ஓடிக்கொண்டிருக்கும். ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 என்ற புரதம் மிகையாக இல்லாத மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் இந்த மரபணு மாறியிருக்கிறது. 2013இல் முதல்முறையாகக் கொடுக்கப்பட்ட, உயிர் அறிவியலுக்கான பிரேக்த்ரூ பரிசைப் பெற்ற பதினொரு பேரில் கேன்ட்லியும் வோகெல்ஸ்டைனும் இருந்தார்கள்.

நொதி தெரிந்துவிட்டது, மாற்றமும் தெரிந்துவிட்டது, தடுக்க ஒரு மருந்து செய்தால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உடம்பு அப்படி விடவில்லை. அல்பெலிசிப் என்ற மருந்துக்கு 2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமாக இருந்த சோலார்-1 ஆய்வில், பிஐகே3சிஏ மாறியிருந்த நோயாளிகளுக்கு நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 5.7 மாதத்திலிருந்து 11 மாதமாகக் கூடியது. நல்ல பலன்தான். ஆனால் மருந்து எடுத்தவர்களில் 63.7 சதவீதம் பேருக்கு ரத்தச் சர்க்கரை ஏறியது. கடுமையாக ஏறியவர்கள் மட்டும் 36.6 சதவீதம். இன்சுலின் பேசும் பாதையை மருந்து கட்டியில் மட்டும் அடைப்பதில்லை, தசையிலும் கல்லீரலிலும் சேர்த்தே அடைக்கிறது. தசை சர்க்கரையை எடுக்காது. கல்லீரல் தன் கையிருப்பையும் ரத்தத்தில் கொட்டும். கணையம் பதறிப்போய் இன்சுலினை அள்ளிவிடும்.

இதைப் பலர் மருந்தின் பக்கவிளைவு என்று எடுத்துக்கொண்டபோது, கேன்ட்லியின் ஆய்வகம் ஒரு படி மேலே போய்க் கேட்டது: அப்படிக் கொட்டும் இன்சுலின் கட்டியை என்ன செய்கிறது? பெஞ்சமின் ஹாப்கின்ஸ் முதல் ஆசிரியராக 2018இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை இதற்குத்தான் பதில். எலிகளில், ஏறிய இன்சுலின் கட்டிக்குள் அடைபட்டிருந்த பாதையைத் திரும்பத் திறந்துவிட்டது. மாவுச்சத்தை மிகக் குறைத்த கீட்டோ உணவோ, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரையோ கொடுத்து இன்சுலினைத் தாழ்த்தியபோது மருந்து நன்றாக வேலை செய்தது. வழக்கமான சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் அந்த அளவுக்கு உதவவில்லை. புற்றுநோய் மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்பதைச் சர்க்கரை மருத்துவம் தீர்மானிக்கிறது! நான் படித்த கட்டுரைகளில் இந்த அளவுக்கு என் பார்வையை மாற்றியது வேறில்லை.

யாருக்காவது இதைச் சொல்லும்போது கூடவே ஒன்றையும் சொல்லிவிடுங்கள். அதே ஆய்வில், மருந்து இல்லாமல் கீட்டோ உணவு மட்டும் கொடுத்த எலிகளில் ஒருவகை ரத்தப் புற்றுநோய் வேகமாக முற்றியது. வாட்சப்பில் வரும் 'சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் பட்டினி கிடந்து சாகும்' என்ற பேச்சுக்கு இந்த ஆராய்ச்சி ஆதரவு இல்லை. சிகிச்சையில் இருப்பவர் தன் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை மாற்றவே கூடாது.

பிறவியிலேயே வரும் மரபணுக்களும் இதே கதையைச் சொல்கின்றன. பிடென் என்ற மரபணு பிஐ3கே ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். அதன் ஒரு பிரதி பழுதாகப் பிறப்பவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து அதிகம். 2012இல் ஆக்ஸ்ஃபோர்டில் அப்படிப்பட்டவர்களைப் பரிசோதித்தபோது, உடல் பருமன் கூடுதலாக இருந்தும் இன்சுலின் அவர்கள் உடம்பில் மற்றவர்களைவிட நன்றாக வேலை செய்தது. ஐஸ்லாந்தின் டிகோட் நிறுவனம் 2007இல் கண்டது இன்னொரு வகை: 17ஆம் குரோமோசோமில், எச்என்எஃப்1பி மரபணுவில், ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மாற்றமே இரண்டாம் வகைச் சர்க்கரை நோயிலிருந்து ஓரளவு காக்கிறது.

உங்கள் வாழ்க்கைக்கு வருவோம். சோலார்-1 ஆய்வில் முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களையும், கட்டுக்குள் வராத இரண்டாம் வகை உள்ளவர்களையும் சேர்க்கவே இல்லை. நம் நாட்டில் 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர், அதற்கு முந்தைய நிலையில் 13.6 கோடி பேர். சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு அது. அப்படியானால் இங்கே பிஐகே3சிஏ மாறிய மார்பகப் புற்றுநோயோடு வரும் ஒரு பெண்ணுக்கு ஏற்கனவே சுகரும் இருப்பது நாள்தோறும் பார்க்கக்கூடிய நிலைமை. அவருக்கு இந்த மருந்து எவ்வளவு பயன்படும், எந்தச் சர்க்கரை மாத்திரையோடு கொடுக்க வேண்டும் என்பதை நாம்தான் ஆராய வேண்டும். நீங்கள் கேட்ட இரண்டு துறையும் தெரிந்த ஆள் அதற்கு வேண்டும்.

எனவே நெட் எழுதி ஆய்வகம் தேடும்போது நோயின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். இன்சுலின் பாதை, வளர்சிதை மாற்றம், செல்லுக்குள் சமிக்ஞை என்று தேடுங்கள். இப்போதே புள்ளியியலும் 'ஆர்' நிரலாக்கமும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு துறையிலும் தரவு ஒரே மாதிரிதான் வரும். நேர்காணலுக்குப் போகும் இடம் புற்றுநோய் ஆய்வகம் என்றால், கட்டி மாதிரியோடு நோயாளியின் சர்க்கரை, இன்சுலின் அளவுகளையும் சேகரிக்கிறார்களா என்று கேளுங்கள். சேகரிக்கவில்லை என்றால், நீங்கள் சேர்ந்த பிறகு அதைத் தொடங்க அனுமதி கிடைக்குமா என்று அடுத்துக் கேளுங்கள்.