கேமராவிலேயே மீட்டர் இருக்கும்போது கையடக்க லைட் மீட்டர் எதற்கு?

மீட்டர் என்பது ஒளியை அளந்து, படமெடுக்கக் கேமராவில் என்ன அளவு வைக்கலாம் என்று சொல்லும் கருவி. கேமரா மீட்டர் பார்ப்பது பொருளில் பட்டுத் திரும்பி வரும் ஒளியை. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். அதனால்தான் வெள்ளைச் சட்டை அழுக்காகவும் கறுப்புப் பூனை வெளிறியும் வருகின்றன. கையடக்க மீட்டரின் வெள்ளைக் குமிழ், பொருள்மேல் வந்து விழும் ஒளியை அளக்கிறது. சட்டை என்ன நிறம் என்பது அதற்குத் தேவையே இல்லை.

ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400, ஷட்டர் வேகம் 1/125 நொடி என்று மீட்டரில் வையுங்கள். ஆளின் முகத்தருகே பிடித்து, குமிழைக் கேமரா பக்கம் திருப்பி, பொத்தானை அழுத்துங்கள். லென்ஸ் துளையின் அளவை எஃப் 5.6 என்று காட்டினால் அதையே கேமராவிலும் வைத்துவிடலாம். குனிந்து அளக்கும்போது உங்கள் நிழல் குமிழ்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு ஃபிலிம் ரோல் முழுக்க நிழல் விழ அளந்து, எல்லாப் படத்தையும் வெளுக்க வைத்திருக்கிறேன்.

லென்ஸில் ஃபில்டர் போட்டிருப்பது மீட்டருக்குத் தெரியாது. ஃபில்டர் ஒரு ஸ்டாப் ஒளியைத் தின்றால், அதாவது ஒளியைப் பாதியாக்கினால், நீங்கள்தான் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். மலை, மேடை போல அருகே போக முடியாதவற்றுக்கு தூரத்திலிருந்தே ஒரு சிறு பகுதியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர்தான் சரி.

டிஜிட்டல் மட்டும் என்றால் படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமே பெரும்பாலும் போதும். ஃபிலிமோ ஸ்டுடியோ ஃபிளாஷோ பயன்படுத்துபவரா? தயங்காமல் வாங்குங்கள்.