சின்னப் பட்டறையில் டீசல் நாசில் செய்ய முடியுமா?

கோவை கணபதியில் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "எங்களிடம் 2 சிஎன்சி லேத், ஒரு சென்டர்லெஸ் கிரைண்டர், ஒயர்கட் வேலைக்குத் துளை போடும் ஈடிஎம் ட்ரில் ஒன்று இருக்கின்றன. இப்போது பம்ப்செட் பாகங்கள் ஜாப் ஒர்க் செய்கிறோம். டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர் டிராக்டர் இன்ஜெக்டரின் நாசிலைக் காட்டி, 'இதே மாதிரி மாதம் 500 போட்டுக் கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்' என்கிறார். பார்த்தால் ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை. செய்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. இறங்கலாமா?"

நாசிலில் இறங்க வேண்டாம். ஆனால் இன்ஜெக்டரின் மற்ற பாகங்களில் இறங்கலாம். இரண்டையும் சொல்கிறேன். நான் இருபது வருடத்துக்கு மேல் நாசில் லைனில் நின்றவன். இந்தச் சின்னப் பொருளைப் பார்த்து 'இவ்வளவுதானே' என்று பணத்தை முடக்கிய பட்டறைகள் சிலவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

இன்ஜினுக்குள் டீசலைத் தெளிப்பது இன்ஜெக்டர், அதன் நுனிப் பாகம்தான் நாசில். முதலில் அந்த நாசிலைக் கையில் எடுங்கள். அது இரண்டு துண்டு. வெளியே இருப்பது பாடி, உள்ளே வழுக்கிக்கொண்டு போவது நீடில். பம்ப்பிலிருந்து வரும் டீசல் 200 பார் சுற்றி அழுத்தம் ஏறியதும் ஸ்பிரிங்கை மீறி நீடிலைத் தூக்கும். தூக்குவது கால் மில்லிமீட்டர் அளவுதான். அந்த இடைவெளியில் டீசல் நுனிக்குப் போய், நாலைந்து துளைகள் வழியே புகையாகத் தெறிக்கும். அழுத்தம் இறங்கியதும் நீடில் பட்டென்று உட்காரும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒரு நாசில் நிமிடத்துக்கு 1000 முறை இப்படி அடித்து உட்கார்கிறது, மணிக்கு 60,000 முறை. டிராக்டர் 1000 மணி நேரம் ஓடி முடிக்கும்போது 6 கோடி அடி வாங்கியிருக்கும். அத்தனை அடிக்குப் பிறகும் ஒரு சொட்டு ஒழுகக் கூடாது.

இனி கடைக்காரரிடம் ஒரு புது நாசிலை வாங்கி, சுத்தமான டெஸ்ட் ஆயிலில் இரண்டு துண்டையும் கழுவுங்கள். பாடியை நேராகப் பிடித்து, நீடிலை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விடுங்கள். தள்ளாமல், தட்டாமல், தன் எடையிலேயே மெதுவாக உள்ளே இறங்கும். எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்தும் எனக்கு அது அலுத்ததில்லை. அப்புறம் அதே மாடலில் இன்னொரு நாசிலின் நீடிலை எடுத்து இந்தப் பாடியில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று பாதியில் நிற்கும், இல்லையென்றால் லொடலொடவென்று விழும். மாடல் ஒன்று, டிராயிங் ஒன்று, ஆனாலும் சேராது. நாசில் தொழிலின் கஷ்டம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

பாடிக்கும் நீடிலுக்கும் நடுவே விடும் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். மனித முடி ஒன்று சுமார் 70 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். 4 வரை விடலாம் என்றால் 5, 6 ஆனால் என்ன, ஒன்றிரண்டு மைக்ரான்தானே என்று நினைக்கக் கூடாது. இப்படிப்பட்ட குறுகிய இடுக்கில் கசிவு, இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு 2×2×2, அதாவது எட்டு மடங்கு. சரி, இன்னும் இறுக்கமாகவே செய்துவிடலாம் என்றால், இன்ஜின் சூட்டில் நீடில் பிடித்துக்கொள்ளும். பிடித்த நாசில் டீசலைத் தெளிக்காது, ஊற்றும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது அப்படித்தான்.

பீஸை மையத்தில் பிடிக்காமல் இரண்டு வீலுக்கு நடுவே உருட்டித் தேய்க்கும் உங்கள் சென்டர்லெஸ் கிரைண்டர் அந்த இரண்டு மைக்ரானைப் பிடிக்குமா? விட்டம் வந்துவிடும். வட்டம் வராது. சென்டர்லெஸ் வேலை தெரிந்த உங்களுக்கு இது புதிதல்ல: வீல் சென்டரிலிருந்து பீஸ் நிற்கும் உயரம் சரியாக அமையாவிட்டால் பீஸ் மூன்று மூலையாக வரும். மைக்ரோமீட்டரில் எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே அளவு காட்டும், ஆனால் அது வட்டமே இல்லை. பம்ப்செட் புஷ்ஷுக்கு அது ஒரு பொருட்டில்லை. நீடிலுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ரவுண்ட்னெஸ் டெஸ்டரில் ஒரு பீஸைச் சுற்றவிட்டு அந்த வரைபடத்தைப் பார்க்காமல் நீடில் வேலை பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

பெரிய தொழிற்சாலைகளும் இரண்டு துண்டையும் தனித்தனியே அச்சாகச் செய்து கோர்ப்பதில்லை. பாடியின் துளையை முதலில் ஹோனிங் செய்து (உராய்கல்லால் உள்பக்கத்தை நுணுக்கமாகத் தேய்த்து) முடித்து, காற்றைச் செலுத்தி அளக்கும் ஏர் கேஜால் அளந்து, அந்த அளவுக்கு ஏற்றபடி அதற்கென்றே ஒரு நீடிலைக் கிரைண்ட் செய்வார்கள். அல்லது இரண்டையும் மைக்ரானுக்கும் குறைந்த வித்தியாசத்தில் வகை பிரித்து வைத்து ஜோடி சேர்ப்பார்கள். சேர்ந்த ஜோடியைக் கடைசிவரை பிரிப்பதில்லை. கையில் நீடிலை வைத்துக்கொண்டு பத்து டிகிரி சூடேற்றினால் 6 மில்லிமீட்டர் விட்டம் 0.7 மைக்ரான் பெருக்கும். அதனால்தான் அளவறைக்குள் வந்த பீஸ் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை யாரும் தொடுவதில்லை. சித்திரை மாதம் தகரக் கூரைக்குக் கீழே ஃபேனைப் போட்டுக்கொண்டு எடுக்கும் அளவு, இந்த வேலைக்கு அளவே இல்லை.

அடுத்தது இரும்பு. பாடிக்கு 18 சிஆர்என்ஐ8 போன்ற, மேற்பரப்பை மட்டும் கடினமாக்கும் கேஸ் ஹார்டனிங் ஸ்டீல், நீடிலுக்கு எம்2 வகை ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) அல்லது பேரிங் ஸ்டீல். பேரிங் ஸ்டீல் விலை குறைவு, கிரைண்ட் செய்யவும் வசதி. ஆனால் சாதாரணமாக அதைக் கடினமாக்கிய பிறகு 160, 180 டிகிரியில் மறுபடி சூடேற்றி டெம்பர் செய்கிறார்கள். நாசில் நுனி அதற்கு மேல் சூடாகும் இன்ஜினில் அது மெல்ல மெல்ல இளகி, நீடில் உட்கார்ந்து அடைக்கும் சீட் அமுங்கிவிடும். நகல் நாசில்களில் முதல் மாதம் ஓடி மூன்றாவது மாதம் புகை தள்ளுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஹார்டனிங், டெம்பரிங் எல்லாம் சேர்ந்த ஹீட் ட்ரீட்மெண்ட்டை வெளியே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சப்-ஜீரோ யூனிட் பழுதாகிவிட்டது. ஹார்டனிங் முடிந்ததும் பாடிகளைப் பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிரவைத்து, அப்புறம்தான் டெம்பரிங்குக்கு அனுப்ப வேண்டும். டெலிவரி அவசரம் என்று ஒரே ஒரு லாட்டை அந்தக் குளியல் இல்லாமல் விட்டார்கள். ஹார்ட்னெஸ் சரியாக இருந்தது. கிரைண்டிங் சரி, ஹோனிங் சரி, நீடில் அழகாக இறங்கியது. ஸ்டோரில் இரண்டு மாதம் இருந்த பிறகு எடுத்துப் பார்த்தால் பத்தில் மூன்று இறுக்கம். எண்ணெய் கெட்டியாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். கழுவிப் பார்த்தோம், அப்படியே இருந்தது. அளந்தால், துளை வட்டத்திலிருந்து 2 மைக்ரான் விலகியிருந்தது. ஹார்டனிங்கில் மாறாமல் தங்கிவிட்ட ஆஸ்டனைட் என்ற இரும்பின் உள்ளமைப்பு, பிறகு மெதுவாக மார்ட்டன்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறும்போது பருமன் கூடும். அலமாரியில் சும்மா இருந்த பீஸ் தானாக உருமாறியிருக்கிறது. அந்த லாட் முழுவதையும் உடைத்துப் போட்டோம். வெளியே கொடுத்துச் செய்தால் இந்தக் குளியல் உண்மையிலேயே நடந்ததா என்று பீஸைப் பார்த்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

சீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடியின் உள்கூம்பு 60 டிகிரி சுற்றி இருக்கும். நீடிலின் கூம்பு அதைவிட அரை முதல் ஒரு டிகிரி கூடுதல். அதனால் முழுப் பரப்பும் ஒட்டாமல், மேல் விளிம்பில் முடி போன்ற ஒரு வளையத்தில் மட்டும் தொடும். அந்த வளையம்தான் டீசலை அடைக்கிறது. சீட்டும் நீடில் வழுக்கும் வழித்துளையும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே பிடியில், பீஸைக் கழற்றாமல் கிரைண்ட் செய்வார்கள். லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைப்பது சர்வீஸ் கடைப் பழக்கம். அது வளையத்தை அகலமாக்குமே தவிர, மையத்தைத் திருத்தாது.

அப்புறம் தெளிப்புத் துளைகள். பழைய மெக்கானிக்கல் பம்ப் டிராக்டர்களில் 0.2 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை இருக்கும். மின்பொறியால் துளை போடும் உங்கள் ஈடிஎம் ட்ரில்லில் மாட்டும் பித்தளைக் குழாய் எலக்ட்ரோடு பொதுவாக 0.3 மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறது, ஸ்பார்க் இடைவெளியும் சேர்ந்து துளை இன்னும் பெரிதாகும். நாசில் துளைக்கென்று இருக்கும் ஈடிஎம் டங்ஸ்டன் கம்பியில் வேலை செய்யும் தனி மெஷின். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் போவதால், 0.20 என்பது 0.21 ஆனால் டீசல் பத்து சதவீதம் கூடிவிடும். நான்கு சிலிண்டரில் ஒன்று மட்டும் பத்து சதவீதம் அதிகம் குடித்தால் இன்ஜின் எப்படி நடுங்கும் என்று உங்களுக்கே தெரியும். துளை போட்டும் வேலை முடியாது. உராய்பொடி கலந்த எண்ணெயை அழுத்தத்தோடு அதே துளைகள் வழியே ஓடவிட்டு உள்விளிம்பை உருட்டுவார்கள். ஓட்டத்தை அளந்துகொண்டே இருந்து, குறித்த அளவு வந்ததும் நிறுத்துவார்கள். அதாவது கடைசி அளவைத் தீர்மானிப்பது ஓட்டம்தான், விட்டமல்ல.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்த டீசலைத் தேக்கி வைக்கும் புது முறையான காமன் ரெயிலின் நாசில் செய்யலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம். அழுத்தம் 1600 பாரிலிருந்து 2500 பார் வரை போகிறது, துளை 0.1 மில்லிமீட்டருக்கு அருகே வந்துவிட்டது, ஒவ்வொரு இன்ஜெக்டரையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்து அதன் குணத்தை ஒரு குறியீடாக எழுதி, இன்ஜினை இயக்கும் கணினியான இசியூவில் ஏற்றுகிறார்கள்.

இத்தனையும் நம் ஊரில் செய்ய முடியாத வேலை என்று நான் சொல்லவில்லை. பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைக்கோ, டீசல் இன்ஜெக்‌ஷன் பாகங்களை இங்கேயே செய்தது. 2008இல் பெயர் பாஷ் என்று மாறிய பிறகும், பழைய மெக்கானிக்குகள் 'மைக்கோ நாசில்' என்றே கேட்கிறார்கள். நம் ஆட்களின் கை நல்ல கை. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் அளவறை, குளிர்க் குளியல், வடிகட்டிய காற்று, கழுவும் லைன் எல்லாம் இருந்தன. மாதம் 500 நாசிலுக்காக இவற்றைப் போட்டால் முதல் எப்போதும் திரும்பாது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அந்த இன்ஜெக்டரை முழுசாகக் கழற்றச் சொல்லுங்கள். நாசிலைப் பிடித்துக்கொண்டிருக்கும் கேப் நட், ஸ்பிரிங் உட்காரும் ஹோல்டர் பாடி, அழுத்தத்தைச் சரிசெய்யும் மெல்லிய வட்டத் தகடான ஷிம், கீழே போடும் செப்பு வாஷர். சர்வீஸ் கடைகளுக்கு இவை தினமும் தேவைப்படுகின்றன. கேப் நட் முனை சூட்டில் கருகி மெலிந்துபோகும், கழற்றும்போது திரெட் பிய்ந்துபோகும். ஷிம்மின் தடிமன் 0.05 மில்லிமீட்டர் கூடினால், மாடலுக்குத் தகுந்தபடி, நாசில் திறக்கும் அழுத்தம் சுமார் 5 பார் ஏறும். ஆகவே ஒவ்வொரு கடையும் பல தடிமனில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஹார்டன் செய்து, இரண்டு முகமும் இணையாகக் கிரைண்ட் செய்த ஷிம் செட்டைச் சுத்தமாகக் கொடுத்தால் நிச்சயம் வாங்குவார்கள்.

நான் கேப் நட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். உங்கள் சிஎன்சி லேத்துக்குப் பொருத்தமான வேலை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: உள்ளே நாசிலின் தோளில் அழுத்தும் முகம், திரெட்டின் அச்சுக்கு நேர் குறுக்காக இருக்க வேண்டும். அது சாய்ந்தால் குறித்த டார்க் (முறுக்கு விசை) போட்டு இறுக்கும்போது நாசில் பாடி ஒரு பக்கமாக நெரியும். நெரிந்தால் அந்த 2 மைக்ரான் இடைவெளி காணாமல் போகும். நல்ல நாசிலை மோசமான நட் கொன்றுவிடும், பழியை நாசில் சுமக்கும். அதனால் திரெட்டையும் உள்முகத்தையும் ஒரே செட்டிங்கில் முடியுங்கள், பீஸைத் திருப்பிப் பிடிக்காதீர்கள். திரெட் முடியும் இடத்தில் பிசிறு ஒன்றுகூட இருக்கக் கூடாது. துடைக்க வேஸ்ட் காட்டன் வேண்டாம். அதன் நூல் ஒன்று சீட்டில் மாட்டினால் போதும், நாசில் ஒழுக ஆரம்பிக்கும். உங்கள் பெயரையோ குறியையோ பீஸில் போடுங்கள், வேறு கம்பெனியின் எழுத்தைக் குத்தித் தரச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

முதலில் 20 பீஸ் மட்டும் போடுங்கள். லீவரை அடித்து நாசிலின் அழுத்தத்தைச் சோதிக்கும் கடைக்காரரின் பாப் டெஸ்டரில் நல்ல நாசில் ஒன்றை உங்கள் நட்டில் மாட்டி, மேனுவலில் சொன்ன டார்க் போட்டு, திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே பத்து வினாடி நிறுத்தச் சொல்லுங்கள். நுனி ஈரமாகலாம், சொட்டு விழக் கூடாது. லீவரை அடிக்கும்போது நாசில் கர்ர் என்று பேச வேண்டும். தெளிப்பின் பக்கம் கை போகவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசிக் குத்துபோல்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். இருபதிலும் நாசில் ஒரே மாதிரி பேசினால், அடுத்த 500க்குக் கம்பி வாங்குங்கள்.