ஆடியோகிராம் நார்மல், ஆனால் பேச்சு புரியவில்லை

கேள்வி: எனக்கு வயது 36. நான்கு வருடமாக மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (எம்.எஸ். - மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை பாதிக்கப்படும் நோய்) இருக்கிறது. வீட்டில் எல்லாம் நன்றாகக் கேட்கிறது. கல்யாண மண்டபம், ஹோட்டல் என்று போனால் எதிரில் பேசுபவரின் சொற்கள் குழம்பிவிடுகின்றன. ஆடியோகிராம் நார்மல். 'நீ கவனிப்பதே இல்லை' என்கிறார் கணவர். காது போய்விடுமா?

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு: அது கவனக்குறைவு இல்லை. அடுத்து உங்களுக்கு: எம்.எஸ். உள்ளவர்களுக்கு நிரந்தரமாகக் காது கேட்காமல் போவது அரிது.

ஆடியோகிராமில் என்ன நடந்தது? சத்தமே இல்லாத அறையில் 'பீப்' கேட்டதும் பட்டனை அழுத்தினீர்கள். ஒலி காதில் விழுகிறதா என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்லும். உங்கள் சிக்கல் அநேகமாகக் காதைத் தாண்டி, மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டில் இருக்கலாம். நரம்பின் மேலுறையான மயலின் அங்கே தேய்ந்தால் செய்தி சற்றுத் தாமதமாகவும் கலைந்தும் போகும். ஓர் ஒலி இரண்டு காதுகளையும் வந்தடையும் நேர வித்தியாசம் ஒரு மில்லி நொடிகூட இருக்காது. அதையும் வைத்துத்தான் இரைச்சலிலிருந்து பேச்சை மூளை பிரித்தெடுக்கிறது. அந்தக் கணக்கு பிசகினால் ஹோட்டலில் எல்லாம் கேட்கும், எதுவும் புரியாது.

'பெரா' (BERA) பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஒலிச் செய்தி காதிலிருந்து மூளைத்தண்டு வழியே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது பார்க்கும். நெற்றியிலும் காதருகிலும் ஒயர் ஒட்டி 'கிளிக்' சத்தம் கொடுப்பார்கள்; அதற்கு நரம்பு வழியில் எழும் மின் அலைகள் வரிசையாகப் பதிவாகும். நீங்கள் தூங்கினாலும் சரி. முதல் அலைக்கும் ஐந்தாவது அலைக்கும் இடையே சுமார் 4 மில்லி நொடி இருக்க வேண்டும். நீண்டால் வழியில் தாமதம் என்று பொருள். பெரா நார்மலாக வந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. இரைச்சலுக்கு நடுவே சொற்களைத் திருப்பிச் சொல்லும் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். எல்லாப் பழியையும் எம்.எஸ். மேல் போடவும் வேண்டாம். காதில் அழுக்கு அடைத்திருந்து நரம்பு டாக்டரிடம் அலைந்தவர்களும் உண்டு!

வெயிலிலோ காய்ச்சலிலோ தொல்லை கூடி, உடம்பு குளிர்ந்ததும் சரியானால் அது பொதுவாக எம்.எஸ். நோயின் புதிய தாக்குதல் இல்லை. ஆனால் ஒரு காது திடீரென்று மந்தமானால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். ஸ்டீராய்டு தேவைப்பட்டால் சீக்கிரம் தொடங்குவது நல்லது.

காது கேட்கும் கருவிக்கு அவசரப்படாதீர்கள், அது இரைச்சலையும் சேர்த்தே கூட்டிவிடலாம். பேசுபவர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் வயர்லெஸ் மைக் உங்களுக்கு அதைவிட உதவலாம். ஹோட்டலில் சுவரோரம், சமையலறையிலிருந்து தள்ளி உட்காருங்கள். கணவர் பக்கத்தில் வேண்டாம், எதிரில் உட்காரட்டும். உதட்டசைவு தெரிந்தாலே பாதி புரிந்துவிடும்.