அம்மாவுக்கு மறதி நோய்: ஓசூர் வேலையை விடலாமா?

வேலையை இப்போதைக்கு விடாதீங்க. பாலக்கோட்டில் அம்மாவைப் பார்த்துக்க ஆளில்லை, மருந்துச் செலவும் தாங்கலைன்னு எழுதியிருக்கீங்க. சம்பளமும் நின்னா குடும்பம் இன்னும் முடங்கிடும். வேலையை விட்டு நீங்களே பார்த்துக்கிறதும் ஒரு செலவுதான்: உலக அளவில் 2019-ல் டிமென்ஷியாவுக்கு, அதாவது இந்த மறதி நோய்க்கு, ஆன செலவில் சுமார் பாதி, குடும்பத்தாரின் கூலியில்லா உழைப்புதான்.

மருந்து பில் ஏறக் காரணம் பெரும்பாலும் பிராண்டும், கூடவே எழுதித் தர்ற டானிக்கும். அட்டையில் பிராண்ட் பெயரோட மருந்தின் பொதுப் பெயரும் இருக்கும்; அது மறதி நோய்க்குத் தர்ற டோனெபெசில், மெமான்டின்னு இருக்கா பாருங்க. அதே மருந்தை, அதே மில்லிகிராமில், பொதுப் பெயர் மருந்துகளை மலிவா விக்கிற மக்கள் மருந்தகத்தில் கேளுங்க.

ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு அளவு பார்த்தாச்சா? இல்லைன்னா தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதல்ல அதைக் கேளுங்க. அந்தக் குறையால் வர்ற மறதி சிகிச்சையில் குறையலாம்.

டாக்டரைக் கேட்காம எந்த மாத்திரையையும் திடீர்னு நிறுத்திடாதீங்க.