கோரைக்கு மண்வெட்டி வேண்டாம்

வணக்கம். கத்தரிப் பாத்தியில் மண்வெட்டியால் களை எடுத்தும் கோரை திரும்பத் திரும்ப முளைக்கிறது, இடுப்பும் வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மண்வெட்டி இதற்கு ரொம்பப் பெரிது. கத்தரி வேரும் அறுபடும். நான்கு விரல் அகலத்தில் ஒரு களைக்கொத்து வாங்கி, நெஞ்சு உயரத்துக்குப் பிடி போட்டுக்கொள்ளுங்கள். விளிம்பை அரத்தால் தீட்டி வையுங்கள், பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மற்ற களைகளைச் சிறிதாக இருக்கும்போதே, நல்ல வெயில் நாளில் காலையில் மேலாகச் சீவினால் போதும், காய்ந்துவிடும். கோரை அப்படியில்லை. அடியில் கிழங்கு இருப்பதால் மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது கொத்தின் முனையால் நெம்பி, கிழங்கோடு எடுங்கள். அப்புறம், அந்தக் கிழங்கை உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.